மூன்றாம் ஓலையும் ஓர் அமெரிக்கப் பாட்டும்

காதுல மாட்டியிருக்கீங்களே, அத கொஞ்சம் கொறைச்சு வைங்க தம்பி. பக்கத்து சீட்டு வரைக்கும் கேக்குது. கோபமெல்லாம் இல்ல. பாட்டுச் சத்தம் கேட்டாலே எனக்கு இப்ப குமட்டிக்கிட்டு வருது. மூணு வாரமா இப்படித்தான். இத்தனைக்கும் நாப்பத்திரெண்டு வருசம் சர்ச்சுல ஆர்கன் வாசிச்சவன் நான். எங்க ஊர்ல போயி ஆர்கன் அருமைநாயகம்னு கேட்டா நாய்கூட வழி காட்டும்.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். பேராயர் ஆபீஸுக்குப் போறேன். இந்தக் கவர்ல ஒரு மனு இருக்கு. பதினோரு பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம், முதல் கையெழுத்து என்னோடது. யார் மேலன்னு கேளுங்க. எம்மக மேல. பெத்த மக, பேரு கெசியா. கோயம்புத்தூர்ல காலேஜ்ல பாடம் எடுக்கிறா, இருபத்தியேழு வயசு.

மனு எப்படி ஆரம்பிக்குது தெரியுமா? "அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களைப் புதுவிதமாகப் பாடுகிறோம் என்ற பெயரில் எங்கள் திருச்சபைக்குள் நுழைந்திருக்கும் அருவருப்பு". அருவருப்புங்கிற வார்த்தைய நான்தான் போடச் சொன்னேன். டைப் அடிச்ச பொண்ணு, "சார், சீர்கேடுன்னு போடட்டுமா"ன்னு கேட்டுச்சு. வேண்டாம்மா, அருவருப்புன்னே அடின்னேன். அதான் சரியான வார்த்தை.

நீங்க கோயில்ல, அதான் சர்ச்சுல, பாடுறவரா? இல்லையா. அப்ப முதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும்.

எங்கப்பா உபதேசியார், பாஸ்டருக்கு ஒத்தாசையா வேதம் சொல்லிக்குடுக்கிறவரு. ரத்தினம் உபதேசியார். எங்க ஊர் மிஷன் பங்களாவுல அப்ப ஒரு அமெரிக்காக்கார அம்மா இருந்தாங்க, தார்ன்டன் அம்மான்னு. கல்யாணம் பண்ணாதவங்க. காலைல ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஒரு பாட்டு பாடுவாங்களாம். எங்கப்பா அங்க தமிழ் சொல்லிக்குடுக்கப் போவாரு. அந்த ராகம் அவருக்குப் பிடிச்சுப் போச்சு. அவருக்கு இங்கிலீஷ் அரைகொறை. கை, ஆறு, மணவாட்டி, இந்த மூணு வார்த்தைதான் காதுல விழுந்திருக்கு. சரி, ஞானப்பாட்டுன்னு முடிவு பண்ணிட்டாரு. பின்ன? மிஷன் பங்களாவுல பாடுனா அது ஞானப்பாட்டு இல்லாம வேற என்னவா இருக்கும்? வீட்டுக்கு வந்து ராகத்த டோ ரே மீன்னு வெள்ளக்காரன் சுரத்துல எழுதிவச்சு, தமிழ்ல நாலு சரணம் கட்டிட்டாரு. ஐம்பத்தெட்டாம் வருசம்.

"கரம் பிடித்தெனை அழைத்துச் செல்லும் மணவாளா, கரையோரம் உம்மோடு வருவேன் வருவேன்." இதுதான் பல்லவி. நாலு சரணத்துலயும் கடைசில பொண்ணு வருவேன் வருவேன்னு சொல்லும். எப்பேர்ப்பட்ட பாட்டு. எங்க சபையில அந்தப் பாட்டு இல்லாம கல்யாணம் கெடையாது. நான் மட்டும் நானூறு கல்யாணத்துக்கு வாசிச்சிருப்பேன். என் கல்யாணத்துக்கும் அதான். பொண்ணு உள்ள நுழையும்போது ஆரம்பிக்கணும், மாப்பிள்ளை பக்கத்துல வந்து நிக்கையில மூணாம் சரணம் முடியணும். அந்தக் கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

தார்ன்டன் அம்மா ஊருக்குத் திரும்புறதுக்கு முந்துன வாரம் ஒரு கல்யாணத்துல அவங்க முன்னால இத முதமுதலாப் பாடிக் காட்டுனாராம் எங்கப்பா. அந்தம்மா கைக்குட்டைய எடுத்து வாயப் பொத்திக்கிட்டு, தோளெல்லாம் குலுங்க, எந்திரிச்சு வெளிய போயிட்டாங்களாம். அபிஷேகம் எறங்கிருச்சுன்னு எங்கப்பா சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

இப்ப எம்மக விசயத்துக்கு வாரேன். கெசியாவுக்குக் குரல் நல்ல குரல். ஆல்ட்டோ, பொம்பளைக் குரல்ல கீழ்ச் சுருதி. நான் பழக்குன குரல். கோயம்புத்தூர் போனதும் நாலு பேரோட சேந்து ஒரு குழு ஆரம்பிச்சா. கித்தார், வயலின், அப்புறம் என்னென்னமோ. அமெரிக்காவோட பழைய பாட்டுங்கள எடுத்து இவங்க புதுசாப் பாடுவாங்களாம். ரயில் ரோடு போட்டவன் பாட்டு, பருத்தி எடுத்தவ பாட்டு, ஜெயில்ல கெடந்தவன் பாட்டு. இதெல்லாம் பாட்டாம்மான்னு கேட்டேன். "அப்பா, அவங்க சொல்லிட்டுப் போகாத பக்கத்த நாங்க பாடிப் பாக்குறோம்"னா. அவங்க சொல்லாதத இவ எதுக்குச் சொல்லணும்? அமெரிக்காக்காரன் கேட்டானா?

அப்படித் தேடிக்கிட்டே போனவ போன வருசம் ஒரு நாள் லீவுக்கு வந்தப்ப, "அப்பா, நம்ம கல்யாணப் பாட்டு என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன்"னு வந்து உக்காந்தா. போன்ல போட்டுக் காட்டுனா. எவனோ ஒரு கெழவன், மூக்கால பாடுறான். ராகம் எங்க ராகம். சந்தேகமே இல்ல. பாட்டு என்னன்னா, ஒருத்தன் ஒரு பொண்ணக் கட்டிக்கிறேன்னு கேக்குறான். அது மாட்டேங்குது. மறுபடி கேக்குறான், மாட்டேங்குது. மூணாந்தடவையும் மாட்டேங்குது. கையப் பிடிச்சு ஆத்தங்கரைக்கு இழுத்துட்டுப் போயி தண்ணிக்குள்ள அமுக்கிக் கொன்னுட்டு, வீட்டுக்கு வந்து ராச்சாப்பாடு சாப்பிடுறான். இதுதான் பாட்டு.

சாப்பிட்டுக்கிட்டு இருந்த தட்ட அப்படியே தள்ளிட்டேன் தம்பி. எங்கப்பா பாட்டத் திருடிட்டுப் போயி இந்த அசிங்கத்த எழுதியிருக்கானுகளேன்னு சொன்னேன். அவ சிரிச்சா. "அப்பா, இது நூத்தியம்பது வருசத்துப் பாட்டு"ன்னா. இருக்கட்டுமே. யாரு முந்தின்னா பேச்சு? சுத்தமா இருக்கிறது எதுங்கிறதுதான் பேச்சு. எங்கப்பா அதத் துடைச்சு எடுத்துக் கர்த்தருக்குக் குடுத்தாரு. இவ திரும்பச் சேத்துல போட்டுப் பெரட்டுறா.

சிரிக்காதீங்க. நீங்க சின்ன வயசு.

சரி. இதுக்கு நடுவுல அவளுக்குக் கல்யாணம் பேசுனேன். மாப்பிள்ளை ஆல்ட்ரின், எங்க சபைப் பொருளாளர் மகன். கட்டட இன்ஜினியர். சர்ச் பாட்டுக்குழு கொயர்ல பேஸ் பாடுவாரு, ஆழமான குரல், சுருதி ஒரு நூல் விலகாது. இந்தக் காலத்துல அப்படி ஒரு பேஸ் கெடைக்கிறது லேசா? போட்டோவக் காட்டுனப்ப நான் ஆர்கனக் கழத்திப் போட்டு உள்ள இருக்கிற பித்தளை நாக்கெல்லாம் தொடைச்சுக்கிட்டு இருந்தேன். அவ வந்து நின்னு, "அப்பா, இவர் வேண்டாம்பா, எனக்கு அவரத் தெரியும், எதுக்கும் சட்டுனு கை ஓங்குறவரு"ன்னா. பாப்போம்மா, அந்த ஸ்க்ரூடிரைவர எடுன்னேன். எடுத்துக் குடுத்தா. எடுத்துக் குடுத்தா சம்மதம்னுதான அர்த்தம்?

இவகிட்ட அது ஒரு பழக்கம். எப்பவும் நான் வேலையா இருக்கிற நேரமாப் பாத்துத்தான் பேச வருவா.

நிச்சயம் முடிஞ்சுது. அன்னைக்குச் சாயங்காலம் அவ குழுவுல கித்தார் வாசிக்கிறவன் இவளுக்குப் போன் பண்ணியிருக்கான், ஆல்ட்ரின் போனக் கேட்டிருக்காரு, இவ குடுக்கல. வீட்டுக்கு வந்து கையக் காட்டுறா. மணிக்கட்டுல செவப்பா நாலு கோடு. "அப்பா, முறுக்கிட்டாரு, எனக்கு இது வேண்டாம்"னா. வளையல் சின்னதா இருந்திருக்கும்மா, கடையில மாத்திக்கலாம்னு சொன்னேன். புது வளையல் தடம் போடும் தம்பி. என் சம்சாரம் ரோஸ்லின் மஞ்சள் அரைச்சுப் பத்துப் போட்டா. அவ எப்பவும் எதிர்த்துப் பேசுனதில்ல, முப்பது வருசமா நல்ல மாதிரியா இருந்தா.

எங்க சபையில கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயித்துக்கெழமை ஓலை வாசிப்பாங்க. உங்களுக்குத் தெரியாதுல்ல. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது அறிஞ்சவங்க இருந்தா இப்பவே சொல்லணும்னு பாஸ்டர் ஐயா சபைக்கு முன்னால வாசிப்பாரு. மூணு வாரமும் வாசிச்சு யாரும் ஒண்ணும் சொல்லலன்னாத்தான் கல்யாணம். யாரும் சொன்னதில்ல. என் நாப்பத்திரெண்டு வருசத்துல ஒருத்தர் வாயத் தெறந்து நான் பாத்ததில்ல. அய்யா வாசிச்சுட்டுக் கண்ணாடியக் கழத்தித் தொடைப்பாரு, அதுக்குள்ள நேரம் போயிரும், அடுத்து காணிக்கைப் பாட்டு. அதான் வழக்கம்.

முதல் ஓலை வாசிச்சாச்சு. ரெண்டாம் ஓலை வாசிச்சாச்சு. அந்த வாரம் கொயர் பிராக்டீஸ்ல என் தோளத் தொட்டு, "அப்பா, அடுத்த வாரம் ஓலைய நிறுத்தச் சொல்லுங்க, கெஞ்சிக் கேக்குறேன்"னா. எல்லாரும் நிக்கிறாங்க. அன்னைக்கு ஆல்ட்டோல 'ஃபா' சுரம் வர்ற எடத்துல எல்லாம் சுருதி ஏறிக்கிட்டே போகுது. மொதல்ல ஃபாவச் சரி பண்ணும்மான்னேன். சரி பண்ணுனா. அப்புறம் சுத்தமா வந்துச்சு. அதையும் சொல்லணும்ல.

மூணாம் ஓலைக்கு முந்துன சனிக்கெழமைதான் சபையோட நூத்தியிருவத்தஞ்சாம் ஆண்டு விழா. அமெரிக்க மிஷனரிமாரை நினைவுகூர்றதுக்கு ஒரு அமெரிக்கப் பாட்டு வேணும்னு கமிட்டியில முடிவு. எம்மக குழுவக் கூப்பிடலாம்னு பாஸ்டர் ஐயா சொல்லிட்டாரு. நான் மாட்டேன்னேன். யாரு கேக்குறா.

மேடைக்கு வர்றாங்க. கித்தார் ஒண்ணு. இன்னொரு பொண்ணு என்ன கொண்டாந்துச்சு தெரியுமா? அலுமினியச் சட்டி. சட்டியில தண்ணி. மைக்குக் கிட்ட வச்சு அந்தத் தண்ணியக் கையால அலம்புது. அதான் தாளம். சளக், சளக்னு. சாப்பிட்டுட்டுக் கை கழுவுற மாதிரி. கோயிலுக்குள்ள. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு.

கெசியா மொதல்ல இங்கிலீஷ்ல பாடுனா. கொலகாரன் பேசுற வரியெல்லாம் எடுத்துட்டா. ஆத்துல சாகுற பொண்ணு பேசுற வரி மட்டும். ஒருத்தன் கேப்பான்ல, அந்த எடத்துல சும்மா தண்ணிச் சத்தம். அப்புறம் இவ, மாட்டேன். மறுபடி தண்ணி. மறுபடி மாட்டேன். வேகத்தப் பாதியாக் கொறைச்சுட்டா. நான் நிமிசத்துக்கு எழுபத்திரெண்டு தட்டு வாசிப்பேன், இவ முப்பத்தாறு. பொணம் தூக்குற வேகம். எனக்கு என்ன ஆத்திரம்னா, அந்த வேகத்துல பாடியும் மூச்சு ஒரு எடத்துலயும் ஒடையல. நான் பழக்குன மூச்சு.

அதோட விட்டாளா? தமிழ்ல எடுத்தா. எங்கப்பா பாட்ட. "கரம் பிடித்தெனை அழைத்துச் செல்லும் மணவாளா, கரையோரம் உம்மோடு மாட்டேன் மாட்டேன்." எங்கப்பா எழுதுன சொல்லையே மாத்துறா தம்பி. ஆனா சபைக்கு அந்தப் பாட்டு மனப்பாடம் பாருங்க. ராகம் காதுல விழுந்ததும் மொத்த சபையும் தானா சேந்து பாட ஆரம்பிச்சிருச்சு, வருவேன் வருவேன்னு. ஐந்நூறு பேரு வருவேன்ங்கிறாங்க, மேடையில இவ ஒருத்தி மாட்டேன்ங்கிறா. முன் வரிசையில ஆல்ட்ரின் நின்னுக்கிட்டு அந்த பேஸ் குரல்ல வருவேன்னு போடுறாரு. பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க. என்னத்துக்குத் தட்டுனாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. எனக்குக் காறித் துப்பணும் போல இருந்துச்சு. கோயிலாப் போச்சேன்னு அடக்கிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் நான் அவளோட பேசல. அவ மட்டும் கதவுகிட்ட வந்து நின்னு, "பாட்டு கேட்டீங்களாப்பா"ன்னு கேட்டா. வேகம் தப்புன்னு சொன்னேன். சரிப்பான்னு போயிட்டா.

மறுநாள் ஞாயிறு. மூணாம் ஓலை. பாஸ்டர் ஐயா வாசிக்கிறாரு. செல்லையா பொருளாளர் மகன் ஆல்ட்ரினுக்கும், ஆர்கனிஸ்ட் அருமைநாயகம் மகள் கெசியாவுக்கும். தடை யாராவது அறிஞ்சிருந்தால். கண்ணாடியக் கழத்துறாரு. கொயர்ல ஆல்ட்டோ வரிசையில எம்மக எந்திரிச்சு நிக்கிறா.

அவளுக்கும் எனக்கும் ஆறடி. நான் ஆர்கன்ல உக்காந்திருக்கேன். அவ மூச்சு எடுக்கிறது எனக்குத் தெரியுது. பாடுறதுக்கு முன்னால எப்படி எடுப்பாளோ அப்படி, வயித்துலேர்ந்து. எனக்குப் பொறி தட்டிருச்சு. ஏதோ சொல்லப் போறா, குடும்ப மானம் போகப் போகுதுன்னு. மத்தவனா இருந்தா ஒறைஞ்சு போயிருப்பான். நான் சத்தத்தக் கூட்டுற ஸ்டாப் குமிழ் எல்லாத்தையும் ஒரே இழுப்புல இழுத்துவிட்டு, காத்தடிக்கிற ரெண்டு பெடலையும் மிதிச்சு, கை போன போக்குல வாசிக்க ஆரம்பிச்சேன். அந்தச் சத்தத்துல ஜன்னல் கண்ணாடி அதிரும். கை தானா எந்தப் பாட்டுக்குப் போகும்? நானூறு கல்யாணத்துக்கு வாசிச்ச கை. அந்தப் பாட்டுக்குத்தான் போச்சு.

அவ பேசுறா. வாய் அசையுது. நான் மிதிக்கிறேன். இன்னும் அசையுது. இன்னும் மிதிக்கிறேன். சபை எந்திரிச்சு நின்னு வருவேன் வருவேன்னு பாடுது. கடைசில அவ வாய மூடிட்டா. என்னையப் பாத்தா. அழுகல. உக்காந்துட்டா. நான் நாலு சரணமும் வாசிச்சு முடிச்சேன். பாஸ்டர் ஐயா பிரசங்கத்துக்குப் போயிட்டாரு.

சமயோசிதம்னு செல்லையா வந்து கை குடுத்தாரு. எனக்கு அன்னைக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லல.

மத்தியானம் வீட்டுக்குப் போனா யாரும் இல்ல. ரெண்டு பேரும் கோயம்புத்தூர் பஸ் ஏறியாச்சு. ரோஸ்லின் குக்கரையும் எடுத்துட்டுப் போயிட்டா. முப்பது வருசத்துல என்கிட்ட கேக்காம அவ எடுத்த பொருள் அந்தக் குக்கர் ஒண்ணுதான். மூணு வாரமா ஓட்டல் இட்லி. புளிச்சுப் போன மாவு. கல்யாணம் அந்த வியாழக்கெழமை நடந்திருக்கணும்.

திங்கக்கெழமை ஆல்ட்ரின் வந்தாரு. அவ எங்கன்னு கேட்டாரு. கோயம்புத்தூர்ல எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னேன். மறைக்கிறேன்னு நெனைச்சுட்டாரு போல. என் கையப் பிடிச்சாரு. இந்தா, இந்த மணிக்கட்ட. இப்ப ஒண்ணும் தெரியாது, மூணு வாரம் ஆச்சு. அன்னைக்கு நாலு கோடு இருந்துச்சு. செவப்பா. வெளக்கு வெளிச்சத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்தேன். நான் வளையல் போடுறவன் இல்லையே தம்பி.

அத விடுங்க. மனுவுக்கு வருவோம்.

மனு எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு எடத்துல மட்டும் கோடு போட்டு விட்டிருக்கோம். பாருங்க, ரெண்டாம் பக்கம். "மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டபோது மேற்படி கெசியா எழுந்து சபையார் முன் கூறியதாவது", அதுக்கப்புறம் கோடு. அவ என்ன சொன்னாங்கிறத எழுதலன்னா மனு நிக்காதுன்னு பாஸ்டர் ஐயா சொல்லிட்டாரு. பதினோரு பேரையும் கேட்டேன். ஒருத்தர் தண்ணி கேட்டான்னாரு. ஒருத்தர் தலை சுத்துதுன்னு சொன்னான்னாரு. செல்லையா, சபையத் திட்டுனான்னு எழுதுங்கன்னாரு. அப்படி எழுத எனக்கு மனசு வரல. ஒருத்தர் காதுலயும் விழல. நான் ஆறடியில இருந்தேன், எனக்கும் விழல. நான்தான மிதிச்சுக்கிட்டு இருந்தேன்.

மூணு வாரமாத் தூங்கப் போனா அந்த வாய்தான் வருது. கண்ணாடித் தொட்டி மீனு மாதிரி அசையுது, சத்தம் இல்ல. எனக்கு என்னையப் பாத்தாலே அருவருப்பா இருக்கு தம்பி. காலைல சவரம் பண்ணக் கண்ணாடி முன்னால நின்னா, வெளிய வந்துடுறேன்.

வாடிப்பட்டி தாண்டியாச்சா? அப்ப இன்னும் முக்கா மணி நேரந்தான்.

உங்ககிட்ட பேனா இருக்கா? குடுங்க. இல்ல, பஸ் ஆடுது. நீங்களே எழுதுங்க. அந்தக் கோட்டு மேல. அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும். காதுல விழாட்டி என்ன, எனக்குத்தான தெரியும். ஆர்கனத் தொடைக்கும்போது சொன்னா, கையக் காட்டிச் சொன்னா, தோளத் தொட்டுச் சொன்னா.

எழுதுங்க. "எனக்கு இந்தக் கல்யாணத்துக்கு இஷ்டமில்லை. எங்க அப்பாகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன்."

மூணுங்கிறத எழுத்தால எழுதுங்க தம்பி. நம்பராப் போட்டா ஆபீஸ்ல கவனிக்காமத் தாண்டிப் போயிருவாங்க.